பொது மெட்டும் கலைஞர் கடமையும்

கலையுலகில் அடிக்கடி எழும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. ஒரு சிறு வட்டத்தினர் நுணுகி நுணுகி ரசித்து வந்த இசையில் பேர் பெற்ற பாடகர் ஒருவர், அதைவிட எளிமையான, யார் வாயிலும் நுழையக்கூடிய பாட்டைப் பாடத் தொடங்குகிறார். பழைய ரசிகர்கள் முகஞ் சுளிக்கிறார்கள். "கலையை விற்றுவிட்டார்" என்கிறார் ஒருவர். "கைதட்டலுக்கு மயங்கிவிட்டார்" என்கிறார் இன்னொருவர். ஜாஸ் பாடகர் பொப் இசைக்குப் போகும்போது மேல்நாட்டில் எழுகின்ற இந்தக் குரல், சங்கீத வித்துவான் சினிமாவுக்குப் போனபோது தமிழ்நாட்டிலும் எழுந்தது. தோட்டத்துப் பிள்ளை தொலைக்காட்சியிலே சினிமாப் பாட்டுப் பாடும்போது நம் மலையகத்திலும் அது எழத்தான் செய்கிறது.

இக்குற்றச்சாட்டுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. கலையின் தூய்மையைக் காப்பதே கலைஞரின் கடமை, ஆகவே பொது மெட்டுக்கு இறங்குவது வீழ்ச்சி என்பது ஒன்று. மக்கள் எதை விரும்புகிறார்களோ அதுவே மக்கள் கலை, ஆகவே இதில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொல்பவர் மக்களை நம்பவில்லை. இரண்டாவது விடையைச் சொல்பவரோ சந்தையையே மக்கள் என்று எண்ணிக்கொள்கிறார். சமுதாய மாற்றத்தை விரும்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விரண்டில் எதையும் அப்படியே ஏற்க இயலாது. கலைஞர் தடம் மாறும்போது அவரிடம் நாம் கேட்கத்தக்க கேள்வி எது என்பதையே முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க ஜாஸ் பாடகரின் கதையை ஹற்றனிலும் நுவரெலியாவிலும் இருந்துகொண்டு ஆராய்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஜாஸ் இசையும் மலைநாட்டுப் பாடலும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவையல்ல. இரண்டுக்கும் வேர் பெருந்தோட்டத்திலே இருக்கிறது. பருத்தி வயல்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வேலைப் பாடல்களும், அவர்களுடைய பக்திப் பாடல்களும், பின்னர் பிறந்த 'புளூஸ்' என்ற துயரப் பாடல்களும் ஊற்றுக்களாக அமைய, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஜாஸ் உருப்பெற்றது. மண்டபத்தில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் உழைத்த நம் மக்களின் ஏக்கத்திலும் எள்ளலிலும் மலைநாட்டுப் பாடல் பிறந்தது. அடிமை முறையும் கங்காணி முறையும் ஒன்றென்று சொல்வது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. என்றாலும், 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை தொழிலாளியைக் கடன் கணக்கோடு ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறையை அறிந்தவர்களுக்கு, அந்த அமெரிக்கப் பாட்டின் துயரம் விளங்காமற் போகாது.

இனி அந்த ஜாஸ் பாடகரின் வழக்குக்கு வருவோம். 1919இல் அலபாமா மாநிலத்து மொண்ட்கோமரி நகரில் பிறந்தவர் நாட் கிங் கோல். முப்பதுகளின் பிற்பகுதியில், மூவர் மட்டுமே கொண்ட தமது சிறு குழுவில் பியானோ வாசித்துப் புகழ் பெற்றார். அக்காலத்துத் தேர்ந்த ஜாஸ் பியானோக் கலைஞர்களுள் அவர் ஒருவர் என்பதில் இசையறிந்தோரிடையே கருத்து வேற்றுமை இல்லை. நாற்பதுகளின் நடுவிலிருந்து அவர் மெல்ல மெல்லப் பாடகராக மாறினார். பியானோ பின்னுக்குப் போயிற்று. வயலின்கள் நிறைந்த பெரிய வாத்தியக் குழு முன்னுக்கு வந்தது. 1948இல் 'நேச்சர் போய்', 1950இல் 'மோனா லிசா' ஆகிய இசைத்தட்டுக்கள் அமெரிக்காவின் வீடுகளிலெல்லாம் சுழன்றன. ஜாஸ் விமர்சகர்கள் பலர் அவரை இழந்ததாகவே எழுதினர். ஒரு மேதை சர்க்கரைப் பாகில் மூழ்கிவிட்டார் என்ற தோரணையில் அவர்களுடைய வருத்தம் இருந்தது.

ஆனால் அவர்மீது இன்னொரு குற்றச்சாட்டும் வந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆந் தேதி, தாம் பிறந்த அதே அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், வெள்ளையருக்கு மட்டுமென ஒதுக்கப்பட்ட ஒரு கூட்டத்தின் முன்னே அவர் பாடிக்கொண்டிருந்தார். நிறவெறியர் சிலர் மேடைமீது பாய்ந்து அவரைத் தாக்கினர். நாடு அதிர்ந்தது. ஆனால் கறுப்பின மக்களின் பத்திரிகைகள் தாக்கியவர்களைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. நிறம் பிரித்து உட்கார வைக்கப்பட்ட மண்டபத்தில் நீர் ஏன் பாடினீர் என்று கோலையும் அவை கேட்டன. அந்தக் கேள்வி அவரைத் தைத்தது. பின்னர் அவர் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தின் ஆயுள் உறுப்பினரானார்.

இவ்விரண்டு குற்றச்சாட்டுக்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போமானால் நமது ஆராய்ச்சிக்கு வழி திறக்கும். விமர்சகரின் குறை வயலினைப் பற்றியது. கறுப்பின மக்களின் குறை நாற்காலிகளைப் பற்றியது. "ஏன் இந்த மெட்டு?" என்று கேட்டார் விமர்சகர். "அந்த மண்டபத்தில் நமக்கு ஏன் இடமில்லை? இடமில்லாத மண்டபத்தில் உமக்கு என்ன வேலை?" என்று கேட்டனர் மக்கள். முதலாவது சுவை பற்றிய கேள்வி. அதில் ஒருவர் எப்படியும் கருத்துக் கொள்ளலாம். இரண்டாவதுதான் ஒழுக்கம் பற்றிய கேள்வி. சுவைக் குறையை ஒழுக்கக் குறையாக எண்ணித் தீர்ப்பு வழங்குவதுதான் கலையுலகில் நிகழும் பெருந் தவறு. வயலினைக் கண்டு 'துரோகம்' என்று கூவியவர்களுள் எத்தனை பேர் நாற்காலிகளைக் கண்டார்கள்?

கோலின் கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. அதே 1956ஆம் ஆண்டு நவம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் அவருடைய பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி தொடங்கிற்று. புகழ்பெற்ற கலைஞர்கள் பலர் வந்து பாடினர். எனினும் நாடு முழுவதற்குமான விளம்பரதாரராக முன்வர ஒரு கம்பனியும் துணியவில்லை. கறுப்பர் ஒருவரின் முகத்தோடு தம் பண்டத்தைச் சேர்த்துக் காட்டினால் தென்மாநிலங்களில் வியாபாரம் கெடும் என்ற அச்சம். 1957 டிசம்பரில் நிகழ்ச்சி முடிந்தது. அவருடைய இசைத்தட்டுக்களோ இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டேயிருந்தன. 1948இல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் செல்வர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கியபோது, அவர் அங்கே குடிவரலாகாதென்று எதிர்த்து நின்ற அயலவர்களின் வீடுகளிலும் அவருடைய பாட்டு ஒலித்திருக்கக்கூடும். சந்தை அவருடைய குரலை ஏற்றது, ஆளை ஏற்கவில்லை.

குரலை ஏற்று ஆளை மறுக்கும் இந்த வழக்கம் மலையகத்துக்குப் புதிதன்று. நுவரெலியாவில் 1876இல் தோன்றிய ஹில் கிளப்பை எடுத்துக்கொள்வோம். துரைமார் இளைப்பாறிய அந்த மாளிகையில் நெடுங்காலம் இலங்கையர் உறுப்பினராக இடமில்லை. ஆனால் மலையில் நிரை பிடித்துப் பறித்த கொழுந்து, கோப்பையிலே தேநீராகி அதே வாயிலின் வழியே மரியாதையோடு உள்ளே போயிற்று. உழைப்பின் பலன் உள்ளே, உழைத்தவர் வெளியே என்ற இதே நியதிதான் இசைச் சந்தையிலும் நடக்கிறது. ஆகவே பொது மெட்டுக்குப் போன பாடகரைப் பார்க்கும்போது, அவர் எதைவிட்டு எதற்குப் போனார் என்பதோடு நின்றுவிடாமல், அவருடைய குரலோடு அவருடைய மக்களும் உள்ளே விடப்பட்டார்களா என்றும் நாம் கேட்கவேண்டும்.

பொது மெட்டு தன்னளவில் குற்றமற்றது என்பதற்கு வேறொரு ஜாஸ் பாடகி சான்று. பில்லி ஹொலிடே 1939இல் பாடிய 'ஸ்ட்ரேஞ் ஃபுரூட்', வெள்ளை வெறியரால் கொன்று மரத்தில் தொங்கவிடப்பட்ட கறுப்பு மக்களைப் பற்றியது. அதை எழுதியவர் ஏபெல் மீரொபோல் என்ற நியூயோர்க் பள்ளி ஆசிரியர். அக்கவிதை 1937இல் முதன்முதலாக அச்சேறியது ஆசிரியர் சங்கப் பத்திரிகை ஒன்றில் என்பது நம் வாசகர்களுக்குப் பெருமை தரும் செய்தி. ஹொலிடேயின் வழக்கமான இசைத்தட்டுக் கம்பனி அப்பாட்டைப் பதிவு செய்ய மறுத்தது; ஒரு சிறிய கம்பனி முன்வந்தது. அத்தகைய பாட்டைத் துணிந்து பாடிய அதே ஹொலிடே, 1944இல் 'லவர் மேன்' என்ற காதற் பாட்டைப் பதிவு செய்தபோது, தமக்குப் பின்னால் வயலின்கள் வேண்டுமென்று தாமே வற்புறுத்திக் கேட்டுப் பெற்றார். இவ்விரு பாட்டையும் பாடியவர் ஒருவரே. காதலைப் பற்றி இனிமையாகப் பாட விரும்பியதனால் அவருடைய முந்தைய துணிவு பொய்யாகிவிடவில்லை. துயரம் மட்டுமே உங்களுக்கு உரிய இசை, அழகும் ஆடம்பரமும் உங்களுக்கு ஆகாது என்று ஒடுக்கப்பட்டோரின் கலைஞருக்குச் சொல்வதும் ஒருவகை ஒடுக்குமுறையே.

இப்போது ஹற்றனுக்கு வருவோம். தஞ்சையில் பிறந்து இலங்கை வந்த கோ. நடேசய்யர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் பத்திரிகைப் பணியிலும் தொழிற்சங்கப் பணியிலும் அவரோடு தோள் நின்றவர். கூட்டங்களில் நடேசய்யர் பேசுமுன் மீனாட்சியம்மாள் பாடுவார். பெண்ணொருத்தி பொதுமேடையேறுவதே அரிதாயிருந்த காலத்தில், துரைமாரின் கண்காணிப்புக்கு நடுவே, அவர் அரசியல் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அவருடைய பாடல்கள் சிறு நூலாக வெளிவந்தன. அந்தப் பாடல்களை அவர் எந்த இசையில் அமைத்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். மக்கள் வாயில் அன்று புழங்கிய மெட்டுக்களிலேயே, சினிமா மெட்டுக்கள் உட்பட, அவற்றை அமைத்தார்.

அந்தக் காலத்தை நினைவிற் கொள்ளவேண்டும். 1939இல் இலங்கை அரசாங்கம் தன் துறைகளில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்க முற்பட்டது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். தோட்டமோ துரையின் தனிச் சொத்து; தொழிற்சங்கக்காரர் அதில் அடியெடுத்து வைத்தால் அத்துமீறல் வழக்கு. எழுத்தறிந்தோர் மிகச் சிலர். துண்டுப் பிரசுரம் உள்ளே போனாலும் படிக்க ஆள் தேடவேண்டும். பாட்டுக்கு இந்தத் தடைகள் இல்லை. ஏற்கெனவே தெரிந்த மெட்டில் புதிய சொற்கள் ஏறிவிட்டால், கடைவீதியிலே கேட்டவர் அதை வாயிலே வைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பலாம். காவற்காரன் அவருடைய கூடையைச் சோதிக்கலாம். அவர் முணுமுணுப்பதைச் சோதிக்க முடியாது. சினிமா மெட்டு அங்கே மலிவான அலங்காரமாகப் பயன்படவில்லை. சங்கக்காரர் நுழைய முடியாத காம்பராவுக்குள் நுழைந்த தூதுவனாகவே அது பயன்பட்டது. பின்வந்த பாட்டுப் புத்தக வியாபாரிகள் பலரும் இந்த முறையைக் கையாண்டு, சில சதத்துக்கு விற்ற தாள்களில் மலைநாட்டின் வழக்குகளையும் வருத்தங்களையும் ஊரெங்கும் பரப்பினர்.

இதைத் தமிழ் மரபுக்கு மாறானதென்று யாரும் சொல்ல முடியாது. 1912இல் பாஞ்சாலி சபதத்தை வெளியிட்ட பாரதி, எளிய சொல்லும், பொதுமக்கள் விரும்பும் மெட்டும் காவியத்துக்கு வேண்டுமென்று அதன் முன்னுரையிலேயே கருத்துத் தெரிவித்தார். கோயிலிலும் தெருவிலும் வழங்கிய சிந்து மெட்டுக்களை அவர் தேடியெடுத்தார். தஞ்சை விவசாய இயக்கத்தின் சூழலில் வளர்ந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் திரைப்படத்துக்குப் பாட்டெழுதப் போனார். 1959இல் தமது 29ஆம் வயதில் மறைவதற்குள், உழைப்பவரின் எண்ணத்தைத் திரையரங்கின் கடைசி வரிசை வரை கொண்டு சேர்த்தார். அவர் படத்துக்கு எழுதியதனால் மக்களை விட்டு விலகினார் என்று எந்தத் தொழிலாளியும் குறை சொன்னதில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மீனாட்சியம்மாள் ஓர் இலட்சியத்துக்காகப் பாடினார். கோல் பணத்துக்காகப் பாடினார். இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பணம் என்ற சொல்லைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவர் கூலி கேட்பது குற்றமில்லையென்றால், பாடுபவர் கூலி கேட்பது மட்டும் எப்படிக் குற்றமாகும்? மாதச் சம்பளம் வாங்கும் நாம், வறுமையிலே பிறந்த கலைஞரை நோக்கி, நீர் ஏழையாகவே இருந்தால்தான் உம் கலை உண்மையானது என்று சொல்வோமானால், அந்த உண்மையின் விலையை நமக்காக வேறொருவர் செலுத்தவேண்டுமென்று எதிர்பார்க்கிறோம் என்பதே பொருள். மீனாட்சியம்மாளையும் கோலையும் பிரிக்கும் கோடு பணத்தில் இல்லை. பாட்டு பயணஞ் செய்த திசையில் இருக்கிறது. மீனாட்சியம்மாள் சந்தையிலிருந்து மெட்டை எடுத்து, அதிலே மக்களின் வாழ்வை ஏற்றி, மக்களிடமே கொண்டுவந்தார். கோலின் விஷயத்தில் சந்தை மக்களிடமிருந்து குரலை எடுத்தது. அக்குரல் பிறந்த வாழ்வை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

மெட்டைக் குற்றஞ்சாட்டுவோர் இன்னொன்றையும் சொல்வார்கள். மலைநாட்டுப் பாடலைச் சினிமாப் பாட்டு கொன்றுவிட்டது என்பார்கள். அப்படியா? மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, மறைந்துகொண்டிருந்த பாடல்களைத் தேடித் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாக வந்தது. அப்பாடல்களைத் தாங்கிய மக்களுக்கு நேர்ந்ததென்ன? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று மனிதரைத் தலை எண்ணிப் பங்கிட்டது. பாட்டி நீலகிரிக்குப் போனாள், பேத்தி பொகவந்தலாவையில் நின்றாள். பாட்டியின் வாயிலிருந்து பேத்தியின் செவிக்குப் போகவேண்டிய பாட்டு நடுக்கடலில் அறுந்தது. இவ்வளவும் நடந்த பின்பு, காம்பராவில் பாடிக்கொண்டிருந்த வானொலிப் பெட்டியைக் கொலைக் குற்றத்துக்கு ஆளாக்குவது வசதியான தீர்ப்பு. உண்மையில், பிரிந்தோரும் எஞ்சியோரும் கடலின் இருகரையிலும் சேர்ந்து கேட்கக்கூடியதாக அந்தச் சினிமாப் பாட்டு ஒன்றுதான் மிஞ்சியது.

மறுபுறத்தில், பழைய வடிவத்தைக் காப்பாற்றியதனால் மட்டும் ஒரு கலை மக்கள் கலையாகிவிடாது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். விழா மேடைகளில் 'கொழுந்து பறிக்கும் நடனம்' என்றொன்று ஆடப்படுகிறது. வண்ணச் சேலை, புதிய சிறு கூடை, ஓயாத புன்னகை. பின்னணியில் நாட்டார் மெட்டு. அதிலே அட்டைக்கடி இல்லை. மழையில் நனைந்த படங்கு இல்லை. றாத்தல் குறைந்ததால் அரைப்பேர் போடப்பட்டவளின் முகம் இல்லை. மெட்டு பழையதுதான், வடிவம் தூய்மையானதுதான். ஆயினும் மனிதர் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு விரட்டியதும் தப்புத்தான். காமன் கூத்தில் அதே மக்களை இரவெல்லாம் ஆட வைத்ததும் தப்புத்தான். தோல் ஒன்று, கோல் ஒன்று. யாருக்காக அடிக்கப்படுகிறது என்பதிலேதான் வேற்றுமை.

2023ஆம் ஆண்டு இவ்விஷயத்தை நம் கண்முன்னே கொண்டுவந்தது. 1823ஐத் தொடக்கமாகக் கொண்டு மலையக மக்களின் இருநூறு ஆண்டுகள் அவ்வாண்டில் நினைவு கூரப்பட்டன. முன்னோர் நடந்த வழியிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடைபெற்றது. அதே ஆண்டில் புசல்லாவைப் பகுதியின் தோட்டமொன்றிலிருந்து சென்ற ஒரு சிறுமி, தென்னிந்தியத் தொலைக்காட்சி இசைப் போட்டியில் சினிமாப் பாடல்களைப் பாடினாள். உலகத் தமிழர் பலர் அவள் வழியாக மலையகத்தின் பெயரைக் கேட்டனர். தோட்டம் தோட்டமாக மக்கள் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியைக் கண்டு, இது நமது இசையல்லவே என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. நம் பிள்ளை வென்றுவிட்டாள், இனிக் குறையொன்றுமில்லை என்று பூரித்தவர்களும் உண்டு. முன்னவர் அவளுடைய மெட்டைப் பார்த்தனர், பின்னவர் அவளுடைய மேடையைப் பார்த்தனர். அவள் புறப்பட்டுச் சென்ற லயத்தின் கூரையைப் பார்க்க வேண்டியவர் யார்? 2015 முதல் எழுந்த ஆயிரம் ரூபா நாட்கூலிக் கோரிக்கை வர்த்தமானியில் ஏறுவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பையும் சேர்த்தே அச்சிறுமியின் குரலை நாம் கேட்கவேண்டும். அதைக் கேட்பது அவளுடைய கடமையன்று; நம்முடையது. ஒரு குழந்தையின் தோளில் ஒரு சமூகத்தின் வழக்கு முழுவதையும் ஏற்றிவிட்டு, அவள் அதைச் சரியாகச் சுமக்கிறாளா என்று மதிப்பெண் போடுவது நீதியாகாது.

அப்படியானால் கலைஞருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. கோலிடம் அவருடைய மக்கள் கேட்டது அந்தப் பொறுப்பைத்தான். தன் மக்களை வெளியே நிறுத்திய மண்டபத்தில் பாடுவது, அவர்கள் துன்பத்தை மூடி மறைக்கும் பாட்டுக்குக் குரல் கொடுப்பது, எங்கிருந்து வந்தோம் என்பதை மேடையின் வசதிக்காக மறைப்பது ஆகியவற்றுக்குக் கலைஞர் விடை சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த விடையைக் கேட்கும் உரிமை, அவரோடு நின்றவர்களுக்கு உரியது. இசையின் நுட்பம் குறைந்துவிட்டதே என்று வருந்துபவர் வருந்தலாம். அவருடைய வருத்தம் பொய்யன்று. கோல் இன்னும் பத்தாண்டுகள் பியானோவோடு நின்றிருந்தால் உலகம் சில அரிய இசையைப் பெற்றிருக்கும். அந்த இழப்பைச் சொல்லலாம். அதைத் துரோகம் என்ற சொல்லால் சொல்லலாகாது. துரோகம் என்பது மனிதருக்குச் செய்வது. மெட்டுக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது.

எஞ்சுவது நமது வேலை. நம் பாடசாலைகளில் நாட்டார் பாடலைக் கற்பிக்கும்போது, அதன் சொற்களின் பொருளையும், அவை எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் கூலிக்கு, எந்த ஒப்பந்தத்தின் நிழலில் பாடப்பட்டன என்பதையும் சேர்த்துக் கற்பிக்கலாம். மாணவர் சினிமா மெட்டில் தம் தோட்டத்தைப் பற்றி எழுதி வந்தால், மெட்டைக் கண்டு ஒதுக்காமல் சொல்லைத் திருத்திக் கொடுக்கலாம். மீனாட்சியம்மாளின் வழியைத்தான் அவர்கள் தம்மையறியாமல் பின்பற்றுகிறார்கள். இன்னும் நினைவிலே பாட்டை வைத்திருக்கும் முதியவர்களிடம் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்; எழுதுவதோடு, அவர்களுக்கு ஓய்வூதியமும் வைத்தியமும் கிடைக்கின்றனவா என்றும் கேட்கலாம். நம்மிடமிருந்து ஒரு பிள்ளை பெரிய மேடைக்குப் போகும்போது நன்றாகப் பாடி வா என்று மனதார வாழ்த்தி அனுப்பலாம். அவளுடைய குரலை விரும்புகின்ற உலகத்திடம், அவளுடைய தாய்க்கு என்ன கூலி கொடுக்கிறாய் என்று கேட்கும் வேலையை மட்டும் நாம் யாரிடமும் ஒப்படைத்துவிடக் கூடாது.